திறமை தானே வெளிவருமா?

இளைஞர்களுக்குப் புத்தி சொல்வதற்கென்றே நம் ஊரில் வாழ்க்கை வரலாறுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் யுலிசிஸ் கிராண்டுக்கு ஒரு நிரந்தரமான நாற்காலி உண்டு. தகப்பனாரின் தோல் கடையில், தம்பிமார் நடத்திய வியாபாரத்தில், சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். உள்நாட்டு யுத்தம் மூண்டது. மூன்றே வருஷத்தில் அமெரிக்க சைனியம் முழுவதற்கும் தலைவரானார். எட்டு வருஷத்தில் ஜனாதிபதியே ஆனார். கதை இவ்வளவு தூரம் வந்ததும் ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுட்டுவிரலை எடுத்துக்கொள்கிறார். "பார்த்தாயா தம்பி, திறமை என்று ஒன்று இருந்தால் அதை எவனாலும் அமுக்கி வைக்க முடியாது. யாரிடமும் போய் நிற்காதே. உன் வேலையைப் பார். உலகம் உன்னைத் தேடி வரும்."

எனக்கு இதைப் படித்தால் கோபம் வருகிறது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மற்றவர் சொல்லும் கதையில் எந்த இடத்தில் தையல் போட்டிருக்கிறது என்பது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கதையில் தோல் கடைக்கும் கர்னல் பட்டத்துக்கும் நடுவே இரண்டு மாதத்தைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். கத்தரித்த துண்டில்தான் சங்கதி முழுவதும் இருக்கிறது.

1861 ஏப்ரலில் தெற்கத்தியர் சம்டர் கோட்டையின் மேல் பீரங்கி வைத்தார்கள். மறு வாரமே லிங்கன் 75,000 தொண்டர்கள் வேண்டும் என்று அறிக்கை விட்டார். மூன்று மாதச் சேவை என்று பேச்சு. ஜூலையில் அது ஐந்து லட்சம் பேர் என்று ஆகிவிட்டது. அதுவரை அந்த நாட்டுக்கு இருந்த நிரந்தர சைனியம் பதினாறாயிரம் சொச்சம். அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம். அவர்களிலும் முந்நூறு பேர் சுமாருக்கு ராஜிநாமாக் கொடுத்துவிட்டுத் தெற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்த தொழில் தெரிந்த மனிதர்களையாவது புதுப் படைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. பழைய சைனியம் கலையாமல் இருக்க வேண்டும் என்பது கிழத் தளபதி வின்ஃபீல்டு ஸ்காட்டின் பிடிவாதம்.

ஆகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரெஜிமெண்டு என்றால் ஏறத்தாழ ஆயிரம் பேர், பத்துக் கம்பெனி. கம்பெனிக்கு ஒரு காப்டன், இரண்டு லெப்டினண்டு. எல்லோருக்கும் மேலே கர்னல், லெப்டினண்டு கர்னல், மேஜர். டாக்டரையும் பாதிரியாரையும் விட்டுவிட்டாலே முப்பத்து மூன்று பேர். ஐந்து லட்சம் பேருக்கு ஐந்நூறு ரெஜிமெண்டு. பதினாறாயிரத்துக்கு மேல் அதிகாரிகள் வேண்டும். அத்தனை பேரும் எங்கிருந்து வருவார்கள்? வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், மளிகைக்காரர், பத்திரிகைக்காரர், உள்ளூர் அரசியல்வாதி எல்லோரும்தான் வந்தார்கள். நூறு பேரைத் திரட்டிக்கொண்டு வந்தவர் காப்டன். பல கம்பெனிகளில் சிப்பாய்களே கை தூக்கி அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். கர்னல் வரைக்கும் நியமிக்கிற அதிகாரம் அந்தந்த மாகாணக் கவர்னரிடம் இருந்தது. ஜெனரல் பட்டம் ஜனாதிபதி கையில், செனட் சபையின் சம்மதத்தோடு.

ராணுவத்தில் அதிகாரியாக நியமிக்கும் உத்தரவுக்குக் கமிஷன் என்று பெயர். நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு வழங்குகிற இன்னொரு அர்த்தத்தையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிய தவறு ஒன்றும் வந்துவிடாது.

இந்தச் சந்தையில் கிராண்டு எங்கே நின்றார்? அவர் வெறும் தோல் கடைக்காரர் அல்ல. முதலில் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1843இல் தேறியவர். மெக்ஸிகோ யுத்தத்தில் குண்டுகளுக்கு நடுவே நின்றவர். காப்டனாக இருந்து 1854இல் ராஜிநாமாச் செய்தவர். குடிதான் காரணம் என்று ஒரு வதந்தி அவருக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு மிஸ்ஸூரியில் விவசாயம் பார்த்தார், பலிக்கவில்லை. செயின்ட் லூயி தெருக்களில் விறகு விற்றார். ஒரு ஜில்லா இஞ்சினீயர் உத்தியோகத்துக்கு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. 1860இல் இல்லினாய் மாகாணத்தில் கலீனா என்ற சிறு பட்டணத்துக்கு வந்து தகப்பனார் கடையில் சேர்ந்தார். யுத்தம் வந்தபோது வயது முப்பத்தொன்பது.

கலீனாவில் ஒரு கம்பெனி திரட்டினார்கள். அதற்குக் காப்டனாக இருக்கும்படி கேட்டதற்கு அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பழைய சைனியத்தில் காப்டனாக இருந்தவர், பதினைந்து வருஷ சேவை பார்த்தவர், புதுப் படையில் அதைவிடப் பெரிய பொறுப்புக்குத் தமக்குத் தகுதி உண்டு என்று நினைத்தார். அது கர்வம் அல்ல, கணக்கு. ஆனாலும் பையன்களுக்கு அணிவகுப்புச் சொல்லிக் கொடுத்து, கூடவே தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு வரை போனார். அங்கே கவர்னர் யேட்ஸின் காரியாலயத்தில், ராணுவத்தில் எந்த நமூனாவை எப்படிப் பூர்த்தி செய்வது என்று தெரிந்த ஆள் ஒருவருமில்லை. தெரிந்தவர் இவர் ஒருவரே. ஆகவே காகிதத்தில் கோடு போடுகிற வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு புது ரெஜிமெண்டுகளைப் பதிவில் சேர்க்கும் வேலை கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பிய மளிகைக்காரர்கள் எல்லாம் கர்னல்கள். அவர் சாதாரண உடுப்பில், குமாஸ்தா.

அப்போது அங்கே இருந்த ஜான் போப் என்ற ராணுவ அதிகாரி, பழைய சிநேகிதர், சிபாரிசு செய்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் கிராண்டு. நாட்டுக்காகச் சண்டை போட ஒருவரிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு போய் நிற்பதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. நம் புத்திமதி ஆசிரியர்களுக்கு இந்த இடம் வெல்லக்கட்டி.

சரி, சிபாரிசு இல்லாமல் என்ன செய்தார்? 1861 மே 24ஆம் தேதி வாஷிங்டனுக்குத் தாமே ஒரு கடிதம் எழுதினார். சைனியத்தின் அட்ஜுடண்ட் ஜெனரல் லோரென்ஸோ தாமஸ் என்பவருக்கு. நான் இன்ன கல்லூரியில் படித்தவன், இத்தனை வருஷம் சேவை செய்தவன், ஒரு ரெஜிமெண்டை நடத்தும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன் என்று, மிகவும் கூச்சத்தோடு. கர்னல் பட்டம் கேட்பது அதிகப்பிரசங்கமோ என்று தயங்கினதாகப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே எழுதுகிறார். இல்லினாயில் பதிவான கர்னல்களை ஏறக்குறைய எல்லோரையும் பார்த்திருந்தார். அவர்களால் முடியுமென்றால் தம்மாலும் முடியும் என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

மனுப் போட்டவர்களுக்குத் தெரியும், இல்லை என்ற பதில் எவ்வளவோ மேல். இல்லை என்று சொல்கிறவன் மனுவைப் படித்திருக்கிறான். வருஷங்கள் கழித்துக் கிராண்டு உலகப் புகழ் பெற்ற பிறகு, அவருடைய வரலாற்றை எழுதப் போன பேடோ என்பவர் அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்று யுத்த இலாகாவில் கேட்டார். தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்த ஞாபகமே ஒருவருக்கும் இல்லை. இன்னும் பல காலம் கழித்து, காரியாலயத்தை இடம் மாற்றுவதற்காகக் காகிதங்களை மூட்டை கட்டியபோது, ஏதோ ஒரு மூலையிலிருந்து வெளிவந்தது. கிழித்துப் போடவும் இல்லை, கட்டில் சேர்க்கவும் இல்லை. யுத்தத்தை ஜயித்துக் கொடுத்த மனிதரின் மனு நான்கு வருஷ யுத்தத்தையும் அந்த மூலையிலேயே கழித்திருக்கிறது.

இந்த லட்சணத்தில்தான் "உலகம் உன்னைத் தேடி வரும்" என்கிறார்கள்.

அடுத்தது சின்சினாட்டி. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த பெற்றோரைப் பார்க்கப் போகிற சாக்கில், அந்த ஊரில் ஜெனரலாக உட்கார்ந்திருந்த ஜார்ஜ் மக்லெல்லனைப் போய்ப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது பிசகு, பார்க்கப் போனார். வெஸ்ட் பாயிண்டிலும் மெக்ஸிகோவிலும் தெரிந்த மனிதர். தம் பக்கத்தில் ஏதாவது வேலை கொடுப்பார் என்று ஒரு நப்பாசை. அடுத்தடுத்து இரண்டு நாள் போனார். இரண்டு நாளும் தரிசனம் கிடைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார். எங்கோ வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அந்த இரண்டு நாளைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை.

பிறகு எப்படித்தான் கிடைத்தது? 21ஆவது இல்லினாய் ரெஜிமெண்டு என்று ஒன்று, தலைவர் சரியில்லாமல் கட்டுக்கு அடங்காமல் போய்விட்டது. அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் கோழிகளுக்குக்கூட அந்தப் படையிடம் பயம். முப்பது நாளுக்கு வந்தவர்கள் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நேரம். இருந்த கர்னலின் கீழே போக அவர்கள் தயாராக இல்லை. அந்தப் படையைப் பதிவு செய்தபோது அவர்களுக்குப் பழக்கமானவர் கிராண்டு. ஜூன் மாத நடுவில் கவர்னர் அவரைக் கர்னலாக நியமித்தார். அதாவது, கவர்னர் காரியாலயத்தில் அவர் ஏற்கெனவே கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்ததால், வேறு யாராலும் சமாளிக்க முடியாத ஒரு படை அவர் தலையில் விழுந்தது. உடுப்பும் குதிரையும் வாங்கக் கடன் வாங்கினார்.

கர்னல் ஆனது அப்படி. பிரிகேடியர் ஜெனரல் ஆனது எப்படி? இதை நம் வாழ்க்கை வரலாறுகள் அடிக்குறிப்பில்கூடப் போடுவதில்லை. கலீனாவுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அந்தத் தொகுதியின் பிரதிநிதி எலிஹு வாஷ்பர்ன், லிங்கனுக்கு மிகவும் வேண்டியவர். இல்லினாய்க்கு இத்தனை ஜெனரல் என்று பங்கு வந்தபோது, தம் ஊர்க்காரருக்கு ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். தம் ஊரில் ராணுவம் தெரிந்தவர் யார்? தோல் கடைக்காரர். முடிந்தது காரியம். 1861 ஆகஸ்டில் கிராண்டு ஜெனரல். அந்தச் செய்தி அவருக்கே பத்திரிகை மூலமாகத்தான் தெரிந்ததாம். மறு வருஷம் ஷைலோ யுத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் விழுந்து, கிராண்டை நீக்க வேண்டும் என்று நாடே கூச்சல் போட்டபோது, சட்டசபையில் எழுந்து நின்று பேசியவரும் அதே வாஷ்பர்ன்.

சிபாரிசு வேண்டாம் என்ற கிராண்டு, தாம் கேட்காத சிபாரிசினால் மேலே வந்தார். கிராண்டைக் குறைத்துச் சொல்லவில்லை. டொனெல்ஸன் கோட்டையையும் விக்ஸ்பர்கையும் வாஷ்பர்ன் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆனால் கிராண்டு கலீனாவுக்குப் பதில் வாஷ்பர்ன் இல்லாத இன்னொரு ஊரில் தோல் விற்றிருந்தால்? விடையைப் புத்திமதிக்காரர்களே சொல்லட்டும்.

இன்னொரு வேடிக்கை. யுத்தத்தில் புகழ் பெற்ற சிவிலியன்களைப் பற்றிப் பேசும்போது ஜோஷுவா சேம்பர்லேன் பெயரை விடவே முடியாது. மேய்ன் மாகாணத்தில் போடின் கல்லூரியில் பேராசிரியர். பாஷைகளும் சொல்வன்மையும் கற்றுக் கொடுத்தவர். ராணுவத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. 1862 ஜூலையில் அவர் கவர்னருக்கு எழுதினார். கல்லூரியில் அவரை விட மனமில்லை. அவர் உதவ மாட்டார் என்று கவர்னரிடம் போய்ச் சொன்னவர்களும் உண்டு. ஐரோப்பாவில் படிக்க என்று விடுப்புக் கிடைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு யுத்தத்துக்குப் போய்விட்டார். கவர்னர் கர்னல் பட்டமே தருகிறேன் என்றாராம்; சேம்பர்லேன், முதலில் தொழிலைக் கற்றுக்கொள்கிறேன், ஒரு படி கீழேயே கொடுங்கள் என்று லெப்டினண்டு கர்னலாக 20ஆவது மேய்ன் ரெஜிமெண்டில் சேர்ந்தார். மேலே இருந்த ஏம்ஸ் என்ற வெஸ்ட் பாயிண்ட் இளைஞரிடம் பாடம் கேட்டார். ஒரு வருஷத்துக்குள், 1863 ஜூலை 2, கெட்டிஸ்பர்கில் ஒரு சிறு குன்றின் இடது கோடியைத் தோட்டா தீர்ந்த பிறகும் துப்பாக்கி ஈட்டியோடு காத்தார்.

பதவி கேட்கிறவன் என்றாலே நம் கதாசிரியர்களுக்கு ஒரு பழைய பொம்மை தயாராக இருக்கிறது. பல்லை இளித்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மந்திரி வீட்டுத் திண்ணையில் நிற்கிற ஆள். நானும் என் சகாக்களும் அவனை வைத்துப் பக்கம் பக்கமாகச் சிரிப்பு மூட்டியிருக்கிறோம். சேம்பர்லேனும் பதவி கேட்டவர்தான். கேட்டு வாங்கி, கேட்டதைவிடப் பெரிதாகக் கொடுத்ததைக் குறைத்துக்கொண்டவர். அந்தப் பொம்மைக்குள் இவரை அடைக்க முடிந்தால் அடைத்துக் காட்டுங்கள்.

வேடிக்கை என்றேனே, அது இதுதான்: சேம்பர்லேனை நியமித்த மேய்ன் கவர்னரின் பெயர் இஸ்ரேல் வாஷ்பர்ன். கலீனா எலிஹுவின் கூடப் பிறந்த அண்ணன். கட்வாலடர் என்று இன்னொரு சகோதரர், விஸ்கான்ஸின் மாகாணத்தின் பிரதிநிதியாக இருந்தவர். அவரே ஜெனரலாகவும் ஆனார். ஆக, சிவிலியனாக இருந்து சரித்திரத்தில் ஏறிய இரண்டு பெரிய பெயர்களுக்கும் பின்னால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்கு ஆள் பார்க்கும் கண் இருந்தது, சந்தேகமில்லை. ஒரு தேசத்தின் திறமையெல்லாம் வெளிவருவதற்கு ஒரு குடும்பத்தின் கண்ணை நம்பியிருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இங்கே லிங்கனுக்காகப் பேச வருகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. லிங்கன் ராணுவத்தை மட்டும் நடத்தவில்லை. உடைந்துகொண்டிருந்த ஒரு தேசத்தை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் யுத்தத்துக்கு வர வேண்டும். ஜெர்மானியக் குடியேறிகள் வர வேண்டும். ஐரிஷ்காரர்கள் வர வேண்டும். அந்தந்தக் கூட்டத்தின் தலைவருக்கு ஒரு நட்சத்திரத்தைத் தோளில் குத்தினால் பின்னால் ஆயிரம் பேர் வருவார்கள். தெற்கு இல்லினாயில் ஜான் லோகன் அப்படி வந்தவர்தான். அவர் அசல் போர்வீரராகவே ஆகிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ரசீதையும் பார்க்க வேண்டுமல்லவா? மாஸசூஸெட்ஸ் வக்கீல் பெஞ்சமின் பட்லர் ஜெனரலானார். 1861 ஜூனில் பிக் பெத்தலில் அவர் திட்டப்படி இருட்டில் நடந்துபோன இரண்டு படைகள், எதிரி என்று நினைத்து ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. சபாநாயகராகவும் கவர்னராகவும் இருந்த நதானியல் பாங்க்ஸ் ஒரே மூச்சில் மேஜர் ஜெனரலானார். 1862இல் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஜாக்ஸன் அவரைத் துரத்திய துரத்தலில் விட்டுவிட்டு வந்த சாமான்களைக் கண்டு, தெற்கத்திச் சிப்பாய்கள் அவருக்கு உக்கிராண மணியக்காரர் என்று அர்த்தப்படும்படி ஒரு பட்டப் பெயரே வைத்தார்கள். செத்தவர்கள் வக்கீலும் அல்ல, சபாநாயகரும் அல்ல.

சர்க்காருக்கும் இது தெரியாமல் இல்லை. 1861 ஜூலையிலேயே சட்டம் போட்டு, தகுதியில்லாத தொண்டர் படை அதிகாரிகளை விசாரிக்கப் பரீட்சைக் குழுக்களை வைத்தார்கள். குழுவின் முன்னால் போவதைவிட வீட்டுக்குப் போவதே கௌரவம் என்று ராஜிநாமா எழுதிக் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஆனால் அது பதவி கொடுத்த பிறகு வைத்த பரீட்சை. பதவிக்கு முன்னாலேயே பரீட்சை என்ற நல்ல வழக்கம் ஒழுங்காக நடந்தது ஒரே இடத்தில். அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: கறுப்பர் படைகளில்.

1863 மே மாதம் கறுப்பர் படைகளுக்கென்று யுத்த இலாகாவில் தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். அந்தப் படைகளில் அதிகாரியாக விரும்புகிறவன் குழுவின் முன்னால் உட்கார்ந்து, கணக்கு, பூகோளம், அணிவகுப்பு எல்லாவற்றிலும் தேற வேண்டும். பயிற்சி கொடுக்கப் பிலடெல்பியாவில் ஒரு பள்ளிக்கூடமே திறந்தார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் பரீட்சை எழுத வருகிறவன் வெள்ளையனாக இருக்க வேண்டும். எந்தப் படையில் திறமையைத் தேடினார்களோ, அந்தப் படையில் இருக்கிற மனிதனின் திறமையை மட்டும் தேடவில்லை.

யுத்தத்தில் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள் சுமார் 1,80,000 பேர். அவர்களிலிருந்து அதிகாரியானவர்கள், டாக்டர்களையும் பாதிரிமாரையும் சேர்த்து, ஏறத்தாழ நூறு பேர். அந்த நூற்றில் பெரும் பகுதி ஆரம்பத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இருந்தார்கள். 1862இல் பட்லர் அங்கே கறுப்பர் படைகளைத் திரட்டியபோது காப்டன்களும் லெப்டினண்டுகளும் கறுப்பர்களாகவே இருக்கட்டும் என்று விட்டார். பிக் பெத்தலுக்காக அவரைத் திட்டியவன் இதற்காகக் கும்பிடுகிறேன். வருஷக் கடைசியில் பட்லர் போய் அவர் இடத்துக்கு வந்தவர் யார்? நம் உக்கிராண மணியக்காரர், பாங்க்ஸ். ஒருநாள்கூட ராணுவம் கற்காமல் மேஜர் ஜெனரலான அந்த மனிதர், கறுப்பு அதிகாரிகளுக்குத் தகுதி போதாது என்று கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக ராஜிநாமாச் செய்ய வைத்தார்.

அந்த அதிகாரிகளில் ஒருவர் ஆந்த்ரே கையூ. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர், சுருட்டுச் சுற்றும் தொழிலாளி, இரண்டு பாஷை பேசுகிறவர். 1863 மே 27ஆம் தேதி ஹட்ஸன் துறைமுகக் கோட்டையைத் தாக்கியபோது காப்டன் கையூ தம் கம்பெனிக்கு முன்னால் ஓடினார். கை உடைந்து தொங்கிய பிறகும் முன்னால்தான் ஓடினார். அங்கேயே விழுந்தார். கோட்டை விழுகிற வரைக்கும், ஆறு வாரத்துக்கு மேல், அவர் உடலை எடுக்க முடியவில்லை. அந்தப் படைகள் பிரமாதமாகச் சண்டை போட்டன என்று பாங்க்ஸே அறிக்கையில் எழுதினார். எழுதிவிட்டு, மிச்சமிருந்த கையூக்களை வெளியேற்றும் வேலையைத் தொடர்ந்தார்.

திறமை தானே வெளிவருமாம்!

இனி பிரெடெரிக் டக்ளஸ். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடி வந்து, பேச்சாலும் எழுத்தாலும் அமெரிக்காவின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியவர். தம்மைப் போன்றவர்களைப் படையில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருஷம் மன்றாடியவர். 1863 ஆரம்பத்தில் கதவு திறந்ததும் மாஸசூஸெட்ஸ் 54ஆவது ரெஜிமெண்டுக்கு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். முதலில் சேர்ந்தவர்களில் அவருடைய பிள்ளைகள் சார்லஸும் லூயிஸும் உண்டு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். 54ஆவது ரெஜிமெண்டார் அந்த அரைகுறைச் சம்பளத்தைத் தொடவே மாட்டோம் என்று ஒன்றரை வருஷம் சம்பளமில்லாமல் சண்டை போட்டார்கள்.

இந்த முறையீடுகளைச் சொல்ல 1863 ஆகஸ்டில் டக்ளஸ் வாஷிங்டன் போனார். லிங்கனைப் பார்த்தார், யுத்த மந்திரி ஸ்டாண்டனையும் பார்த்தார். ஸ்டாண்டன், உங்களுக்கு அதிகாரிக் கமிஷன் தருகிறேன், தெற்கே மிஸ்ஸிஸிப்பிப் பக்கம் போய்க் கறுப்பர்களைப் படையில் சேர்க்கும் வேலையில் உதவியாக இருங்கள் என்றார். டக்ளஸ் நம்பினார். ராச்செஸ்டருக்குத் திரும்பி, பல வருஷமாக நடத்திவந்த தம் பத்திரிகையை விடை சொல்லி நிறுத்தினார். பத்திரிகை நடத்துகிறவர்களைக் கேளுங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று. போகவேண்டிய ஊரின் பெயரோடு உத்தரவு வந்தது. கமிஷன் வரவில்லை. எழுதிக் கேட்டார். புறப்படுங்கள் என்ற தோரணையில் பதில் வந்தது. கமிஷனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பட்டமில்லாமல் போனால் அங்கே வழிப்போக்கன். டக்ளஸ் போகவில்லை.

யாருக்கு உதவியாகப் போகச் சொன்னார்கள் தெரியுமா? லோரென்ஸோ தாமஸுக்கு. 1861இல் கிராண்டின் கடிதம் யார் பெயருக்குப் போய் மூலையில் விழுந்ததோ, அதே லோரென்ஸோ தாமஸ். நான் கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர், ரொம்பவும் பொருத்தமாக இருக்கிறதே, நம்ப மாட்டார்கள் என்று அடித்துவிடுவார்.

54ஆவது ரெஜிமெண்டில் ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸ் என்று ஒரு சார்ஜெண்டு. 1864 பிப்ரவரியில் ஒலஸ்டீ யுத்தத்தில் தலையில் காயம் பட்டும் நின்றார். மாஸசூஸெட்ஸ் கவர்னர் ஆண்ட்ரூ அவரை லெப்டினண்டு ஆக்கினார். அவர் உடம்பில் ஆப்பிரிக்க ரத்தம் ஓடுகிறது என்று யுத்த இலாகா அதைத் தள்ளியது. கவர்னர் விடாமல் எழுதி எழுதி, 1865 ஜனவரியில்தான் அனுமதி வந்தது. மார்ட்டின் டெலானி என்ற கறுப்பு வைத்தியருக்கு, ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு பிறகு வெள்ளை மாணவர் எதிர்த்ததால் வெளியே அனுப்பப்பட்டவருக்கு, லிங்கனை நேரில் கண்டு பேசிய பிறகு மேஜர் பட்டம் வந்தது. அது 1865 பிப்ரவரி. ஏப்ரலில் யுத்தம் முடிந்துவிட்டது.

இத்தனையும் கேட்ட பிறகு நம் அன்பர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள்: "என்ன இருந்தாலும் கடைசியில் கிராண்டு வந்தாரே!" வந்தார். வந்தவரை வைத்துத்தான் வழி நன்றாக இருந்தது என்கிறீர்கள். வராதவரை எப்படி எண்ணுவீர்கள்? பதில் கிடைக்காத கடிதத்தை எழுதியவன் பெரிய மனிதன் ஆனால்தான் அந்தக் கடிதத்தை யாராவது தேடுகிறார்கள். அதே மூலையில் இன்னும் எத்தனை கடிதங்கள் கிடந்தன, அவற்றை எழுதியவர்கள் எந்தக் கடையில் தோலோ துணியோ அளந்து வயதைக் கழித்தார்கள் என்று கேட்க ஒரு பேடோ போகவில்லை.

சிபாரிசுக்கு நான் பரிந்து பேசுவதாக யாராவது நினைத்தால், மேலே மறுபடி படிக்க வேண்டும். வருகிற மனுவைப் பிரித்துப் படிக்க ஒரு குமாஸ்தாவும், படித்ததற்குப் பதில் எழுத ஒரு முத்திரையும், நிறம் பாராத ஒரு பரீட்சையும் இருந்திருந்தால் எந்த வாஷ்பர்னும் வேண்டியிருந்திருக்காது. பரீட்சை என்றால் சர்வ ரோக நிவாரணி என்றும் நான் சொல்லவில்லை. சேம்பர்லேனை 1862 ஜூலையில் உட்காரவைத்திருந்தால் பூகோளத்தில் தேறி அணிவகுப்பில் கோட்டைவிட்டிருப்பார். ஆனால் வாசலில் நிற்கிறவனிடம், நீ கேட்காதே, கேட்டால் இழிவு, காத்திரு, உன் திறமை தானே கதவைத் திறக்கும் என்று போதிப்பது யாருக்குச் சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். மக்லெல்லனுக்குச் சௌகரியம். தாமஸுக்குச் சௌகரியம். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பையனுக்கு இல்லை.

ஆகையால் இளைஞர் வரிசைப் புத்தகங்கள் போடுகிற பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் கிராண்டை எடுத்துவிட வேண்டாம். அவர் பெரிய மனிதர், இருக்கட்டும். தோல் கடை அத்தியாயத்துக்கும் கர்னல் அத்தியாயத்துக்கும் நடுவில் நான்கு பக்கம் சேருங்கள். ஒரு பக்கத்தில் மே 24ஆம் தேதிக் கடிதம். ஒரு பக்கத்தில் சின்சினாட்டியில் இரண்டு நாள். ஒரு பக்கத்தில் வாஷ்பர்ன் சகோதரர்கள். நான்காவது பக்கத்தில் டக்ளஸ், நிறுத்திவிட்ட பத்திரிகையோடு, ராச்செஸ்டரில் தபாலுக்குக் காத்திருக்கட்டும். காகித விலை ஏறிவிட்டது என்றால், சுட்டுவிரலை நீட்டுகிற அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டு அதில் போட்டுக்கொள்ளலாம்.